ஊசிக்கு வாரண்டி எத்தனை வருஷம்?

மிக்ஸி வாங்கினால் 2 வருஷம் வாரண்டி. கடைக்காரர் நல்ல மூடில் இருந்தால், "ஏதாவது ஆச்சுன்னா கொண்டு வாங்க சார், பார்த்துக்கலாம்" என்று வாய்மொழியாக இன்னும் ஒரு வருஷம். இஸ்திரிப் பெட்டிக்குக்கூட ஓர் அட்டை உண்டு. ஆனால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் குத்தி, அது வீறிட்டு அழுது, பாட்டி டாக்டரை முறைத்து... இவ்வளவு அமர்க்களத்தோடு போடுகிற ஹெப்படைட்டிஸ்-பி ஊசிக்கு எத்தனை வருஷ வாரண்டி என்று எந்த அட்டையிலும் அச்சடித்திருப்பதில்லை. அடுத்த ஊசிக்கான தேதி மட்டும் இருக்கும். அதுவும் டாக்டர் கையெழுத்தில்!

இந்தக் கேள்வியைக் கிளப்பியது என் அக்கா மகள். 2007ல் பிறந்தவள். நர்சிங் சேர்ந்திருக்கிறாள். வார்டுக்குள் காலை வைப்பதற்கு முன்னால் ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ்-பி எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லிவிட்டார்கள். லேப் ரிப்போர்ட் வந்தது. எதிர்ப்புச் சக்தியின் அளவு 3.8. பக்கத்திலேயே, '10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு' என்று பொடி எழுத்தில்.

அடுத்த நிமிஷம் அக்கா போனில் வந்தாள்.

"ஏன்டா, பொறந்த அன்னைக்கே ஆரம்பிச்சு ஒண்ணு விடாமப் போட்டோமேடா! அட்டையை லாமினேஷன் பண்ணி வெச்சிருக்கேன். இப்ப ஒண்ணுமே இல்லேங்கறான். அன்னைக்கு வெறும் தண்ணியைப் போட்டு அனுப்பிட்டானா?"

"அக்கா, அந்த நம்பரை மட்டும் பார்த்து..."

"நீ பி.காம். இதெல்லாம் உனக்கென்னடா தெரியும்?"

அது வாஸ்தவம். ஆனால், இந்த விஷயம் டாக்டர்களைவிட பி.காம். படித்தவனுக்குச் சட்டென்று புரியும் என்பது அடியேனின் தாழ்மையான அபிப்பிராயம். ஏனென்றால், இது முழுக்க முழுக்க பேலன்ஸ் ஷீட் சமாசாரம்.

அக்காவின் பயம் நியாயமானது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சமையல்கட்டில் விரலில் கத்தி படுவது மாதிரி, வார்டில் ஊசி குத்திக்கொள்வது நடக்கிற காரியம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறிக் குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் 3. ஹெப்படைட்டிஸ்-பி என்றால், தடுப்பு இல்லாதவருக்கு நூற்றுக்கு 6 முதல் 30 வரை! காய்ந்துபோன ரத்தத்துளியில்கூட இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு உட்கார்ந்திருக்கும். நம் தேசத்தில் இந்த வைரஸோடு வாழ்கிறவர்கள், 2022 கணக்குப்படி, ஏறத்தாழ 3 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆகவே, பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒரு தாய் கேட்டால், அது வெட்டிக் கேள்வி இல்லை.

சரி, பேலன்ஸ் ஷீட்டுக்கு வருவோம்.

ஒரு மளிகைக் கடை. ராத்திரி ஒன்பதரைக்குக் கல்லாவைத் திறந்து பார்க்கிறீர்கள். 38 ரூபாய் இருக்கிறது. 'ஐயோ, கடை திவால்' என்பீர்களா? பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க மாட்டீர்களா? ஊசி போட்டதும் உடம்பு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வைரஸை மடக்கிப் பிடிக்கிற ஆன்டிபாடிகளைத் தயாரித்து ரத்தத்தில் சுற்ற விடுகிறது. இது கல்லாப் பணம். இன்னொன்று, 'இன்ன ஆசாமி இன்ன முகத்தோடு வருவான்' என்று அடையாளம் கற்றுக்கொண்ட ஞாபக அணுக்களை ஒரு மூலையில் உட்கார வைக்கிறது. இது பேங்க் டெபாசிட். வருஷம் ஆக ஆகக் கல்லாப் பணம் கரைந்துகொண்டே வரும். உபயோகம் இல்லாத சரக்கை உடம்பு எதற்காகத் தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும்? டெபாசிட் மட்டும் அப்படியே கிடக்கும்.

லேப்காரர் பார்ப்பது கல்லாவை மட்டும். பேங்க் பாஸ்புக்கைப் பார்க்கிற டெஸ்ட் தெருமுனை லேபில் கிடையாது. அவர் ரிப்போர்ட்டில் பொய் இல்லை. அது பாதிக் கணக்கு, அவ்வளவுதான்.

"அப்படின்னா டெட்டனஸுக்கு மட்டும் ஏன் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை குத்தறாங்க?" என்று அக்கா மடக்கினாள். (பி.ஏ. ஹிஸ்டரி. லேசுப்பட்டவள் இல்லை.)

பிரமாதமான கேள்வி. பதில், கெடு தேதியில் இருக்கிறது. டெட்டனஸ் கிருமி உள்ளே போனால் சில நாட்களில், மிஞ்சினால் 3 வாரத்தில், விஷத்தைக் கக்கிவிடும். பேங்குக்குப் போய் டோக்கன் வாங்கி, பணம் எடுத்து வருவதற்குள் கடன்காரன் வீட்டைப் பூட்டிவிடுவான். அதனால் கல்லாவில் எப்போதும் ரொக்கம் இருந்தாக வேண்டும். ஹெப்படைட்டிஸ்-பி வைரஸ் அப்படி இல்லை. நிதானமான ஆசாமி. உள்ளே நுழைந்ததிலிருந்து நோய் காட்டுவதற்கு 1 மாசம் முதல் 6 மாசம்வரை ஆகும். சராசரியாகப் பார்த்தால் 3 மாசம். இன்கம்டாக்ஸ் நோட்டீஸ்கூட இவ்வளவு அவகாசம் கொடுக்காது! ஞாபக அணுக்கள் விழித்துக்கொண்டு ஆன்டிபாடிகளைக் கொட்டித் தயாரிக்கச் சில நாட்கள், ஒன்றிரண்டு வாரம் போதும். வைரஸ் பாயை விரித்துப் படுப்பதற்குள் போலீஸ் வந்துவிடும்.

'கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில்?' என்பீர்கள். அதற்குத்தான் அலாஸ்கா.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பனிக்கட்டியோடு பனிக்கட்டியாக இருக்கிற பிரதேசம். அங்கே பூர்வகுடி மக்களிடம் ஹெப்படைட்டிஸ்-பி ஏகமாகப் பரவியிருந்தது. 1981ல் 15 ஊர்களில் 6 மாசக் குழந்தை முதல் பெரியவர்கள்வரை 1,578 பேருக்கு ஊசி போட்டார்கள். நம் ஊரில் ஊசி போட்டால் போட்டவரும் மறந்துவிடுவார், போட்டுக்கொண்டவரும் மறந்துவிடுவார். அவர்கள் அப்படி விடவில்லை. பின்னாலேயே போனார்கள். 5 வருஷம், 10 வருஷம், 22 வருஷம் என்று ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 30 வருஷம் கழித்து, நடுவில் எந்த பூஸ்டரும் போட்டுக்கொள்ளாத 243 பேரைப் பரிசோதித்தபோது, பாதிப் பேருக்கு (சரியாகச் சொன்னால் 51 சதவீதம்) ஆன்டிபாடி இன்னமும் 10-க்கு மேல். மீதிப் பேருக்கு அக்கா மகள் மாதிரி கல்லா காலி. அவர்களில் பலருக்கு ஒரே ஒரு டோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். 100-க்கு 88 பேருக்கு 30 நாளில் ஆன்டிபாடி எகிறிவிட்டது. இரண்டையும் கூட்டினால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 30 வருஷத்துக்குப் பிறகும் பாதுகாப்பு இருந்தது.

தைவான் கதை இன்னும் சுவாரசியம். அங்கே 1984ல் வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஊசியை ஆரம்பித்து, 1986ல் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் என்று ஆக்கினார்கள். ஹெப்படைட்டிஸ்-பி கல்லீரல் புற்றுநோய்க்கு ஒரு முக்கியக் காரணம் இல்லையா? 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய், 1981-86ல் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990-94ல் 0.36 ஆக இறங்கியது. அதாவது பாதி. ஒரு ஊசி புற்றுநோயைத் தடுத்ததாக உலகம் முதல்முதலில் கண்ணால் பார்த்த கணக்கு இதுதான்.

இந்த இடத்தில் ஆடிட்டர் புத்தி குறுக்கே வருகிறது. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. அலாஸ்காவில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 6 மாசத்துக்கு மேற்பட்டவர்கள். பிறந்தவுடனே போட்டுக்கொள்கிற குழந்தைகளுக்குக் கல்லா இன்னும் சீக்கிரம் காலியாகும். பதினைந்து, பதினாறு வயதில் பார்த்தால் அவர்களில் பெரும்பாலோர் 10-க்குக் கீழேதான் இருப்பார்கள். ஒரு டோஸ் கொடுத்தும் ஆன்டிபாடி ஏறாத பிள்ளைகளும் கொஞ்சம் பேர் உண்டு. சிலர் ரத்தத்தில் வைரஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன தடம்கூடக் கிடைக்கிறது. ஆனால், வந்த வைரஸ் நிரந்தரமாகக் குடித்தனம் வைத்துக் கல்லீரலைக் கெடுத்ததா என்று பார்த்தால், அது அபூர்வத்திலும் அபூர்வம். இத்தனை வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில் வந்த முடிவு அது.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். இந்த வைரஸ் ஒரு பெரியவரைத் தொற்றினால், நூற்றில் 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். நாலைந்து மாசம் படுத்தி எடுத்துவிட்டுப் போய்விடும். அதுவே பிறந்த குழந்தையைத் தொற்றினால்? நூற்றில் 90 பேருக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும். சத்தம் போடாமல் முப்பது நாற்பது வருஷம் இருந்துவிட்டு, பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயதில் 'லிவர் சுருங்கிப்போச்சு' என்று வந்து நிற்கும். ஆக, குழந்தையில் போடுகிற ஊசி, ஆபத்து உச்சியில் இருக்கிற வருஷங்களுக்குத்தான் முதல் காவல். கல்லா காலியாகிற வயது வரும்போது ஆபத்தே பல மடங்கு குறைந்திருக்கும். எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இப்படி ஒரு பாலிசி போட்டதில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் உலக சுகாதார நிறுவனம், முறையாக எல்லா டோஸும் போட்டுக்கொண்ட ஆரோக்கியமான ஆளுக்கு பூஸ்டர் தேவையென்று சொல்ல ஆதாரமில்லை என்று 2017ல் எழுதி வைத்தது. ஐரோப்பிய நிபுணர்கள் 2000-லேயே கூடிப் பேசி இந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் '5 வருஷத்துக்கு ஒரு பூஸ்டர்' என்று எழுதிக்கொடுத்த டாக்டர்கள் நிறைய. அன்றைக்கு இருந்த தகவல் அவ்வளவுதான். ஊசியே 1981ல்தான் மார்க்கெட்டுக்கு வந்தது. ஈஸ்ட்டில் வளர்த்து எடுக்கிற இப்போதைய ரகம் 1986ல். நாற்பத்துச் சொச்சம் வயதே ஆன வஸ்துவுக்கு 'ஆயுள் முழுக்க வாரண்டி' என்று அட்டை அடிக்க யாரால் முடியும்? 30 வருஷம்வரை சோதித்துப் பார்த்தாயிற்று, ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் இப்போதைய ரசீது.

அக்கா மகள் விஷயம்? கல்லூரி டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு டோஸ் போட்டார். ஒரு மாசம் கழித்து மறுபடி ரத்தம். 3.8 இருந்த இடத்தில் 412. "தண்ணி இல்லம்மா, நிஜ ஊசிதான் போட்டிருக்காங்க" என்று சிரித்தாராம். ஒரு தடவை 10-ஐத் தாண்டிவிட்டது என்று எழுத்தில் இருந்தால், ஆரோக்கியமான நர்சுக்கோ டாக்டருக்கோ அதன் பிறகு வருஷா வருஷம் டெஸ்ட்டும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஏறவே இல்லையென்றால் பாக்கி டோஸ்களையும் போட்டுப் பார்ப்பார்கள்.

கல்லாவை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் வேறு சிலர். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் பூஸ்டர். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அவர்களுடைய டாக்டர் சொல்வதுதான் கணக்கு. வைரஸ் உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த உடனே ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற ரெடிமேட் ஆன்டிபாடியையும் போட்டு, 9 மாசத்துக்கு மேல் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகளை லேபுக்கு இழுத்துப் போய் நம்பர் பார்ப்பது வேண்டாத வேலை. நம்பர் குறைவாகத்தான் வரும். வீட்டில் தூக்கம் போகும்.

லேப் என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆன்டிஜென், ஆன்டிபாடி என்று இரண்டு டெஸ்ட். பெயர் ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி. அர்த்தம் நேர் எதிர். முதலாவது, வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் 'நெகட்டிவ்' வந்தால் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கலாம். இரண்டாவது, பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் 'பாசிட்டிவ்' வந்தால்தான் தேங்காய். ரிப்போர்ட்டை மாற்றிப் படித்துவிட்டுக் குடும்பமே ஒப்பாரி வைத்த கதைகள் உண்டு. அப்படியே முதல் டெஸ்ட்டில் 'பாசிட்டிவ்' வந்தவரிடம் தம்ளரைத் தனியாக எடுத்து வைப்பதும் அபத்தம். கூடச் சாப்பிட்டால், கை குலுக்கினால் இது வராது. ரத்தம், உடலுறவு, பிரசவம் - இவைதான் வழி. கட்டுப்படுத்த மாத்திரை இருக்கிறது. 2018ல் ஆரம்பித்த தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

இவ்வளவு நேரம் பேசியது ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றி. எனக்கு நிஜமாகவே கவலை தருகிற கூட்டம் வேறு. என்னை மாதிரி முப்பதைத் தாண்டியவர்களும் அதற்கு மேலும். அரசாங்க அட்டவணையில் இந்த ஊசி 2002-03ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் வெள்ளோட்டமாக வந்தது. 2007-08ல் தமிழ்நாடு உட்பட 10 மாநிலங்கள். 2011-12ல்தான் தேசம் முழுக்க. நாம் பிறந்தபோது அட்டவணையில் இது கிடையாது. வெளிநாட்டு ஊசி ஒரு டோஸே பல நூறு ரூபாய். ஹைதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டி என்கிற எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர், தாயார் பெயரில் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்று கம்பெனி ஆரம்பித்து, 1997ல் உள்நாட்டு ஊசியை இறக்கிய பிறகுதான் விலை சரிந்தது. அப்புறம் ஸ்கூலுக்கு ஸ்கூல், கிளப்புக்குக் கிளப் முகாம்கள் வந்தன, ஞாபகம் இருக்கிறதா? 'எய்ட்ஸைவிட நூறு மடங்கு தொற்றும்' என்று நோட்டீஸ் கொடுத்து, வரிசையில் நிற்க வைத்து, குத்தி, ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் முதல் ஊசிக்குக் கூட்டம் அலைமோதும். இரண்டாவதற்குப் பாதி. ஆறாவது மாசம் மூன்றாவது ஊசிக்கு நாற்காலிகள் மட்டும் வந்திருக்கும்.

அந்தக் காலத்தில் போடாதவர்கள் வீட்டில் சொன்ன பதில், "காமாலைதானே? கீழாநெல்லி இருக்கு." கீழாநெல்லியை இளப்பமாகப் பேசுகிறவன் இல்லை நான். இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு வாங்கிய பரூக் ப்ளூம்பெர்க்கே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவோடு சேர்ந்து அதை ஆராய்ந்திருக்கிறார். 1988ல் லான்செட் பத்திரிகையில் கட்டுரை வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதத்தினருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், தாய்லாந்து, நியூசிலாந்து என்று மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தவிர, தண்ணீரில் வருகிற காமாலை வேறு, இது வேறு. அது பெரும்பாலும் தானே வந்து தானே போகும். கீழாநெல்லிக்கு நல்ல பெயர் கிடைப்பது அதனால்தான்.

ஆகவே, முகாமில் போட்டோமா இல்லையா என்றே நினைவில்லாதவர்கள், அட்டை தொலைந்துபோனவர்கள் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துப் பிரயோஜனம் இல்லை. வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்லை என்பது கணக்குச் சாஸ்திரம். இங்கேயும் அப்படித்தான். அட்டை இல்லாவிட்டால் போடாததாகத்தான் வைத்துக்கொள்வார்கள். முதலில் வைரஸ் இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மூன்று டோஸ்: இன்று, ஒரு மாசம் கழித்து, ஆறாவது மாசம். ஏற்கெனவே போட்டிருந்து மறுபடி போட்டுக்கொண்டாலும் கெடுதல் ஒன்றுமில்லை.

அட்டை பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதில் இரண்டு கையெழுத்துதான் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இந்த ஊசியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டாவது போட்டு 20 வருஷம் ஆகியிருந்தாலும் சரி... பாக்கி ஒன்றுதான்.